துபாயில் கம்பெனி, கையில் விசா: பணம் அனுப்புவதற்கு முன் போட வேண்டிய கணக்கு



"சார், துபாயில் ஒரு கம்பெனி ஆரம்பிச்சா விசா கிடைக்குமாம். விசா கிடைச்சா இந்தியாவில் டேக்ஸ் கட்ட வேண்டாமாம். உண்மையா?"

நம்ம சேனலுக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். ஐந்தாறு வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருக்கும். அதை வைத்து ஏதாவது பெரிதாகச் செய்யணும் என்று நினைப்பவர்கள்.

சுருக்கமான பதில்: முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தவறு. இதற்கு நடுவில் யாருமே கேட்காத மூன்றாவது விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நாட்டுக்காரர்களுக்கு நீங்க வேலை கொடுத்தாகணுமா, எப்போது, கொடுக்காவிட்டால் எவ்வளவு அபராதம் என்பதுதான் அது.

இந்தப் பதிவில் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ரூபாய்க் கணக்குக்கு 1 திர்ஹம் = 24 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்க கணக்குப் போடும் நாளின் ரேட்டை நீங்களே மாற்றிப் பாருங்க.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்வோம்

1. வசிக்கும் உரிமை. இது விசா, எமிரேட்ஸ் ஐடி சம்பந்தப்பட்டது. அந்த நாட்டில் தங்க அனுமதி, அவ்வளவுதான்.

2. முதலாளி என்ற பொறுப்பு. லைசென்ஸ், ஊழியர்கள், சம்பளம், உள்ளூர் ஆட்களை எடுக்கும் விதி எல்லாம் இதில் வரும்.

3. வரிக் குடியுரிமை. எந்த நாடு உங்க வருமானத்தில் வரி கேட்கலாம் என்பது. இதை விசா தீர்மானிப்பதில்லை. நீங்க எங்கே எத்தனை நாள் இருந்தீங்க என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

ஏஜென்ட் விற்பது முதலாவதை. விளம்பரத்தில் பேசுவது மூன்றாவதை. இரண்டாவதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். குழப்பம் ஆரம்பிப்பது இங்கேதான்.

விசாவுக்கு என்ன வழிகள்?

2021 ஜூன் 1 வரை, அமீரகத்தின் மெயின்லேண்டில் கம்பெனி ஆரம்பித்தால் பொதுவாக 51 சதவீதப் பங்கு உள்ளூர்க்காரர் பெயரில் இருக்கணும். இப்போது பெரும்பாலான தொழில்களில் 100 சதவீதமும் வெளிநாட்டவரே வைத்துக்கொள்ளலாம். ஃப்ரீ ஸோனில் இந்த வசதி அதற்கு முன்பே இருந்தது.

*முதலீட்டாளர் விசா:* கம்பெனியில் பங்குதாரர் என்ற முறையில் கிடைப்பது. பொதுவாக 2 வருஷம். முதலில் லைசென்ஸ், பிறகு எஸ்டாப்ளிஷ்மென்ட் கார்டு, அப்புறம் என்ட்ரி பெர்மிட், மெடிக்கல் டெஸ்ட், எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, கடைசியில் விசா என்று வரிசையாகப் போகும். லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். 'ஸீரோ விசா' பேக்கேஜ் என்று மலிவாக விற்பார்கள். அதில் லைசென்ஸ் மட்டும்தான் வரும், விசா வராது. விலையைப் பார்க்கும்போது இதையும் பாருங்க.

*கோல்டன் விசா:* 10 வருஷம். சொத்து வாங்கி எடுப்பதென்றால் குறைந்தது 20 லட்சம் திர்ஹம், அதாவது நம் பணத்தில் 4.8 கோடி ரூபாய். இந்தத் தொகை மாதச் சம்பளக்காரரின் சேமிப்பிலிருந்து வருவது அரிது.

2025 ஜூலையில் ஒரு செய்தி பரவியது நினைவிருக்கும்: "சுமார் 23 லட்சம் ரூபாய் கட்டினால் வாழ்நாள் கோல்டன் விசா." அமீரகத்தின் குடியேற்றத் துறையே அதை மறுத்து அறிக்கை விட்டது. விண்ணப்பங்கள் அரசின் அதிகாரபூர்வ வழியில் மட்டும்தான் ஏற்கப்படும் என்றும் சொன்னது. இப்படி ஒரு ஆஃபர் உங்க வாட்ஸ்அப்புக்கு வந்தால், அரசுத் தளத்தில் அந்த வகை இருக்கிறதா என்று பார்க்க 5 நிமிஷம் போதும்.

*ஒரு முக்கியமான நிபந்தனை:* சாதாரண ரெசிடென்ஸ் விசா வைத்திருப்பவர் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் விசா ரத்தாகிவிடும். கோல்டன் விசாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சென்னையிலோ கோவையிலோ வேலையில் இருந்துகொண்டே முதலீட்டாளர் விசாவை உயிரோடு வைத்திருக்க நினைத்தால், வருஷத்துக்கு இரண்டு முறையாவது லீவ் போட்டு டிக்கெட் எடுக்கணும். அந்தச் செலவை எந்தப் பேக்கேஜிலும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு வேலை: யாருக்கு இந்த விதி?

அமீரகத்தின் தனியார் துறையில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டவர். தன் நாட்டு இளைஞர்கள் அரசு வேலையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று அரசு நினைக்கிறது. அதற்குக் கொண்டுவந்ததுதான் எமிரேட்டைசேஷன் விதிகள். 2021-இல் ஆரம்பித்த நாஃபிஸ் திட்டம், தனியார் வேலைக்கு வரும் எமிரேட்டிகளுக்குச் சம்பள உதவியும் பயிற்சியும் தருகிறது. அது ஊக்கம். அபராதம் முதலாளிகளுக்கு.

50 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி: 2022 முதல், திறன் சார்ந்த வேலைகளில் எமிரேட்டிகளின் பங்கை வருஷத்துக்கு 2 சதவீதம் உயர்த்தணும். 2026 இறுதிக்குள் 10 சதவீதம் என்பது இலக்கு. வருஷக் கடைசியில் மொத்தமாகக் காட்டிக்கொள்ளலாம் என்றும் விடவில்லை. 2023-இலிருந்து ஜூன் இறுதிக்குள் 1 சதவீதம், டிசம்பர் இறுதிக்குள் 1 சதவீதம் என்று பிரித்துவிட்டார்கள்.

20 முதல் 49 பேர் உள்ள கம்பெனி: ஐடி மற்றும் தகவல் தொடர்பு, ரியல் எஸ்டேட், கல்வி, மருத்துவம், கட்டுமானம், மொத்த மற்றும் சில்லறை வியாபாரம், போக்குவரத்து, ஹோட்டல் உள்ளிட்ட 14 துறைகளில் இருந்தால் 2024-இல் ஒரு எமிரேட்டியையும், 2025-இல் இன்னொருவரையும் வேலைக்கு எடுத்திருக்கணும்.

ஃப்ரீ ஸோன் கம்பெனிகள்: இந்தக் கட்டாய இலக்கு இவர்களுக்கு இல்லை. ஆனால் ஃப்ரீ ஸோன் கம்பெனி மெயின்லேண்டில் நேரடியாக வியாபாரம் செய்யணும் என்றால் கூடுதல் அனுமதி வாங்கணும். ஒரு பக்கம் சலுகை, மறுபக்கம் சந்தை சுருக்கம்.

இப்போது அபராதத்துக்கு வருவோம். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி எடுக்காமல் விட்ட ஒவ்வொரு எமிரேட்டிக்கும் மாதம் இவ்வளவு:

- 2022: 6,000 திர்ஹம்
- 2023: 7,000
- 2024: 8,000
- 2025: 9,000
- 2026: 10,000

2026 கணக்கில் ஒரு ஆளுக்கு வருஷம் 1,20,000 திர்ஹம். நம் பணத்தில் 28.8 லட்சம் ரூபாய். ஆள் இல்லாமலே ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது மாதிரிதான்! 20 முதல் 49 பேர் உள்ள கம்பெனிக்கு 2024 இலக்கைத் தவறவிட்டால் 96,000 திர்ஹம், 2025 இலக்குக்கு 1,08,000 திர்ஹம் என்று வைத்தார்கள்.

"சும்மா ஒரு எமிரேட்டி பெயரைப் பதிவு பண்ணிட்டுப் போயிடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். 2024-இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, போலி வேலைநியமனத்துக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் வைத்தார்கள். போலி எமிரேட்டைசேஷனும் அதில் அடக்கம். பெயரளவுக்கு ஆள் காட்டுவது என்ற யோசனையே வேண்டாம்.

நான் ஒரு ஆள் கம்பெனிதானே, எனக்கு எதுக்கு இது?

நியாயமான கேள்வி. ஒருவர், இருவர் உள்ள கம்பெனிக்கு இந்த விதி இன்று பொருந்தாது. ஆனாலும் மூன்று காரணங்களுக்காக நீங்க தெரிந்துகொள்ளணும்.

*ஒன்று, வளர்ச்சியின் விலை.* மெயின்லேண்டில் 19 பேரோடு ஓடும் ஒரு சிறு ஐடி கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்க. 20-வது ஆளை எடுப்பதற்கு ஆகும் செலவு அவர் சம்பளம் மட்டும் இல்லை. அந்த ஆளோடு சேர்ந்து ஒரு புது விதியும் உள்ளே வருகிறது. பிசினஸ் பிளான் போடும்போதே 20, 50 என்ற இரண்டு எண்களையும் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளணும்.

*இரண்டு, கூட்டாளியாகச் சேருபவர்கள்.* "நண்பர் ஏற்கெனவே அங்கே கம்பெனி நடத்துறார், 10 சதவீதப் பங்கு தர்றார்" என்று பணம் போடுபவர்கள் நிறைய. அங்கே மொத்தம் எத்தனை ஊழியர்கள், எமிரேட்டைசேஷன் பாக்கி இருக்கிறதா, சம்பளம் எல்லாம் அரசின் சம்பளப் பாதுகாப்பு முறை வழியாகப் போகிறதா, ஊழியர்களின் கிராஜுட்டிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்க. கிராஜுட்டி சின்னத் தொகை இல்லை. முதல் 5 வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். லாபக் கணக்கில் இது விட்டுப்போயிருந்தால் நீங்க பார்ப்பது பொய் லாபம்.

*மூன்று, வேலை தேடிப் போகிறவர்கள்.* முதலீடே செய்யாமல் அங்கே வேலைக்குப் போனாலும், உங்க கம்பெனி எந்த அளவில் இருக்கிறது என்பது அங்கே உள்ள பணியிடங்களை நேரடியாகப் பாதிக்கும்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமீரகத்தில் விசா தனி, உள்ளூர் வேலை விதி தனி. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

அமெரிக்காவின் ஈபி-5 திட்டத்தில் இரண்டும் ஒரே முடிச்சு. 2022 சட்டத்திருத்தப்படி, கிராமப்புறமோ வேலையின்மை அதிகமுள்ள பகுதியோ என்றால் 8 லட்சம் டாலர், மற்ற இடங்களில் 10.5 லட்சம் டாலர் போடணும். அந்தப் பணம் 10 முழுநேர வேலைகளை உருவாக்கணும். முதலில் கிடைப்பது 2 வருஷத்துக்கான நிபந்தனை கிரீன் கார்டு. வேலைகள் உருவானதை நிரூபித்தால்தான் நிபந்தனை நீங்கும். உங்க மனைவி, பிள்ளைகள், ஹெச்-1பி-யில் இருக்கும் நண்பர்கள் யாரையும் அந்த 10 பேரில் எண்ண முடியாது.

சவுதியில் 2011 முதல் நிதாகத் முறை இருக்கிறது. உள்ளூர் ஊழியர் விகிதத்தைப் பொறுத்து கம்பெனிக்கு நிறம் கொடுப்பார்கள். சிவப்பு என்றால் புது விசா கிடைக்காது. 2024-இல் வந்த முதலீட்டாளர் பிரீமியம் ரெசிடென்சிக்கு 70 லட்சம் ரியால் முதலீட்டோடு, முதல் 2 வருஷத்தில் 10 வேலைகளும் உருவாக்கணும்.

ஆக, எந்த நாடானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் விசா நான் போட்ட பணத்தால் நிற்கிறதா, நான் கொடுக்கும் வேலையால் நிற்கிறதா?"

இந்தியப் பக்கம்: பணம் எப்படி வெளியே போகும்?

இங்கே இருந்து பணம் அனுப்பும் வழி எல்ஆர்எஸ். ஒரு நிதியாண்டில் ஒருவர் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். கோல்டன் விசா சொத்துக்கான 20 லட்சம் திர்ஹம் என்பது சுமார் 5.45 லட்சம் டாலர். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து அனுப்பினாலும் ஒரே நிதியாண்டில் அந்தத் தொகை போகாது.

கவனிக்க வேண்டியவை:

- கடன் வாங்கி அனுப்ப முடியாது. எல்ஆர்எஸ்-இல் முதலீடு, சொத்து போன்றவற்றுக்கு அனுப்ப இந்திய வங்கிகள் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. "பர்சனல் லோன் போட்டு அனுப்பிடு" என்று சொல்பவரை நம்பாதீங்க.

- முதலில் யூஐஎன், பிறகு பணம். வெளிநாட்டில் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிப்பது 2022 ஓவர்சீஸ் இன்வெஸ்ட்மென்ட் விதிகளுக்குள் வரும். உங்க பேங்க் வழியாக விண்ணப்பித்து, ரிசர்வ் வங்கியின் தனி எண்ணை வாங்கிய பிறகுதான் பணம் போகணும் அல்லது பங்கு உங்க பெயருக்கு வரணும். கம்பெனி ஆரம்பித்துவிட்டு பிறகு பேங்குக்குப் போவது தலைகீழ் வரிசை.

- எல்லாத் தொழிலும் முடியாது. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பொதுவாக நிதிச் சேவை செய்யும் வெளிநாட்டுக் கம்பெனியை ஆரம்பிக்க முடியாது. உங்க கட்டுப்பாட்டில் உள்ள கம்பெனிக்குக் கீழே இன்னொரு துணைக் கம்பெனியும் கூடாது.

- வருஷா வருஷம் அறிக்கை. கம்பெனியின் ஆண்டு அறிக்கையை டிசம்பர் 31-க்குள் பேங்க் வழியாகக் கொடுக்கணும். வியாபாரமே நடக்காவிட்டாலும் இதை மறக்கக் கூடாது.

அடுத்து டிசிஎஸ். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு பேங்க் 20 சதவீதம் பிடிக்கும். 30 லட்சம் அனுப்பப் போறீங்க என்றால்:

- வரம்புக்கு மேல்: 20 லட்சம்
- டிசிஎஸ்: 4 லட்சம்
- கையில் இருக்க வேண்டிய பணம்: 34 லட்சம்

இந்த 4 லட்சம் செலவு இல்லை, முன்கூட்டிக் கட்டிய வரி. ஆபீஸில் முன்கூட்டியே விவரம் கொடுத்தால் சம்பள டிடிஎஸ்-இல் கழித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கணும். எப்படியும் சில மாதங்களுக்கு அந்தப் பணம் உங்க கையில் இருக்காது. எமர்ஜென்சி ஃபண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டால் அந்த மாதங்களை எப்படிச் சமாளிப்பீங்க?

டேக்ஸ்: விசா வந்துவிட்டால் வரி போய்விடுமா?

போகாது. நீங்க நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் இந்திய ரெசிடென்ட். சாதாரணமாக எப்போதும் இங்கேயே வசிப்பவருக்கு உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி உண்டு. பாஸ்போர்ட்டில் எந்த விசா இருக்கிறது என்று வருமான வரித் துறை பார்ப்பதில்லை. எத்தனை நாள் இங்கே இருந்தீங்க என்றுதான் பார்க்கும். துபாய்க் கம்பெனி உங்களுக்குத் தரும் டிவிடெண்டும் சம்பளமும் உங்க ஸ்லாப்படி இங்கே வரிக்கு உட்படும்.

இந்தியா, அமீரகம் இடையிலான வரி ஒப்பந்தத்தின் பலனைக் கேட்கணும் என்றால், ஒரு காலண்டர் ஆண்டில் அங்கே குறைந்தது 183 நாள் இருந்திருக்கணும். வருஷத்துக்கு இரண்டு முறை போய் விசாவைக் காப்பாற்றிக்கொள்பவருக்கு இது எட்டாது.

நிஜமாகவே குடிபெயர்ந்து அங்கே வேலைக்குப் போறீங்க என்றால் கதை வேறு. அப்போதும் தேதி முக்கியம். ஏப்ரல் 1 முதல் இங்கேயே இருந்தவர் செப்டம்பர் 28-க்குள் கிளம்பி, அந்த நிதியாண்டில் திரும்பி வராமல் இருந்தால்தான் 182 நாளைத் தொடாமல் இருப்பார். இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் உள்ள, வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமக்களுக்குத் தனி விதி இருக்கிறது. அந்த வரம்பில் இருப்பவர்கள் கிளம்பும் முன் கணக்காளரைப் பாருங்க.

"அங்கேயாவது வரி பூஜ்யம்தானே?" அதுவும் பழைய கதை. 2023 ஜூன் 1-க்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து, 3,75,000 திர்ஹத்துக்கு மேல் உள்ள லாபத்துக்கு 9 சதவீதக் கார்ப்பரேட் வரி உண்டு. லாபமே இல்லாவிட்டாலும் கம்பெனி பதிவு செய்துகொள்ளணும். தாமதமாகப் பதிவு செய்தால் 10,000 திர்ஹம் அபராதம்.

இங்கே ரிட்டர்ன் போடும்போது, வெளிநாட்டுப் பங்கும் பேங்க் அக்கவுண்ட்டும் உள்ளவர் ஐடிஆர்-1 போட முடியாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியே ஆகணும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. காட்ட வேண்டிய கடமைக்கு விலக்கு இல்லை.

அப்போ யார் போகலாம், யாருக்கு வேண்டாம்?

*யோசிக்கலாம்:* அமீரகத்தில் ஏற்கெனவே வாடிக்கையாளர் இருப்பவர், நிஜமாகவே அங்கே குடிபோகத் தயாராக இருப்பவர், ஒரு வருஷம் வருமானமே வராவிட்டாலும் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு உள்ளவர்.

*வேண்டாம்:* சம்பள வரியைக் குறைக்க மட்டும் நினைப்பவர். இந்தியாவில் செய்யும் வேலைக்கு வரும் சம்பளத்துக்கு இங்கேதான் வரி. துபாயில் எத்தனை கம்பெனி வைத்தாலும் அது மாறாது.

பணம் அனுப்பும் முன் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்க:

1. என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வேறு தொழில் செய்யக் கூடாது என்று இருக்கிறதா?
2. நான் வருஷத்தில் எத்தனை நாள் எங்கே இருக்கப் போகிறேன்?
3. முதல் வருஷச் செலவு மட்டுமல்ல, இரண்டாம் வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க எவ்வளவு?
4. கம்பெனி 20 பேரைத் தொட்டால் செலவு எப்படி மாறும்?
5. மூட வேண்டி வந்தால் விசா, லைசென்ஸ், பேங்க் அக்கவுண்ட் மூன்றையும் ரத்து செய்ய எவ்வளவு ஆகும்?

ஐந்தாவதற்குப் பதில் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கிற ஏஜென்ட்டிடம் மட்டும் மேற்கொண்டு பேசுங்க. கம்பெனியைத் திறக்க எல்லாரும் உதவுவார்கள். மூடும்போது கூட நிற்பவர் அபூர்வம்.

விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. முடிவெடுக்கும் நாளில் அரசுத் தளங்களில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்க. உங்க நண்பர் யாராவது டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் நிலையில் இருந்தால், இன்றைக்கே இதை அவருக்கு அனுப்புங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.